பட்டறை பதில்கள்: ஃபிரேம் வெல்டிங்குக்கு எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது?

சொந்தமாக பைக் ஃபிரேம் கட்டும் வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் கூலித் தகராறுதான். வண்டிக்காரர் வெல்டரைத் திட்டுகிறார், வெல்டர் வண்டிக்காரரைத் திட்டுகிறார். அதனால் இந்த இதழில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கே: நானே டிசைன் போட்டு ஒரு பைக் ஃபிரேம் செய்கிறேன். டியூப் எல்லாம் வெட்டி, வளைத்து வைத்துவிட்டேன். வெல்டர் ‘ஒரு நாள் வேலை’ என்கிறார், ஆனால் கேட்கிற தொகை ஒரு நாள் கூலியைப் போலப் பல மடங்கு. அதையும் மொத்தமாக முன்கூட்டியே கேட்கிறார். பேரம் பேசலாமா? முழுப் பணத்தையும் கொடுத்துவிடலாமா?

ப: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. பணம் முழுக்கக் கைக்கு வந்துவிட்ட வேலை எந்தப் பட்டறையிலும் மூலைக்குத்தான் போகும். நாளைக்குக் காசு தரப்போகிற வேலைதான் மேஜைக்கு வரும். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பட்டறை நடத்துகிறவருக்கும் வாடகை இருக்கிறது.

இப்போது பேரம். நீங்கள் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 மி.மீ. விட்டமுள்ள டியூபின் சுற்றளவு ஏறத்தாழ 79 மி.மீ. கை பழகிய வெல்டர் டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையில் மின்பொறி எரிய, ஆர்கான் வாயு காற்றைத் தடுக்கும் முறை) அதைச் சுற்றிவர ஓரிரு நிமிடம் போதும். உங்கள் ஃபிரேமில் பிராக்கெட் எல்லாம் சேர்த்து முப்பது இணைப்பு என்று வைத்துக்கொண்டாலும், நெருப்பு எரிகிற நேரம் மட்டும் ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான் வரும். ‘ஒரு மணி நேர வேலைக்கு இவ்வளவா?’ என்று உங்களுக்குத் தோன்றுவது இதனால்தான்.

மீதி நேரம் எங்கே போகிறது? டியூபின் மேல் இருக்கும் எண்ணெய், துரு, கறுப்புச் செதில் எல்லாவற்றையும் இணைப்பிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்துக்குச் சுரண்டி, துடைத்து, வெள்ளையாக எடுக்க வேண்டும். டிக் வெல்டிங் அழுக்கை மன்னிக்காது, உடனே ஊசித்துளை விழும். பிறகு ஒவ்வொரு டியூபின் வாயும் அடுத்த டியூபின் வயிற்றில் வெளிச்சம் தெரியாமல் உட்கார்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிக்கில், அதாவது டியூபை அசையாமல் பிடிக்கும் சட்டத்தில், மாட்டி, அளந்து, டேக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சின்னப் பொட்டு வெல்டிங்) வைத்து, மறுபடி அளக்க வேண்டும். அதற்கப்புறம்தான் முழு வெல்டிங். அதையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட முடியாது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது டியூபைத் தன் பக்கம் இழுக்கும். இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் அதற்கு எதிராகக் கொஞ்சம், மேலே, கீழே என்று மாற்றி மாற்றி வைத்து, நடுநடுவே ஆறவிட்டு, அளந்து அளந்து போக வேண்டும். அந்த ‘சும்மா நிற்கிற’ நேரத்துக்குத்தான் முக்கால்வாசிக் கூலி. அதைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினால் அவர் குறைப்பார், ஆனால் நிற்கிற நேரத்தைத்தான் குறைப்பார். மறுநாள் ஃபிரேம் வாழைக்காய் மாதிரி வளைந்து கைக்கு வரும்.

பேரம் பேச வேண்டிய இடம் வேறு. சுத்தம் செய்வதை நீங்களே செய்கிறீர்களா, டியூப் வாயை அரத்தால் நீங்களே ராவி உட்காரவைத்துக் கொடுக்கிறீர்களா, பிராக்கெட் எல்லாம் வெட்டித் துளைபோட்டு, பெயர் எழுதி, பையில் போட்டுக் கொடுக்கிறீர்களா? அப்படியானால் ‘இதெல்லாம் என் கை வேலை, இதற்கு எவ்வளவு குறைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். நேர்மையான வெல்டர் சந்தோஷமாகக் குறைப்பார்.

பணத்தை நான் சொல்கிறபடி பிரியுங்கள். வேலையைத் தொடங்கும்போது டியூப், ஃபில்லர் ராடு (இணைப்பில் உருக்கி நிரப்பும் கம்பி), ஆர்கான் செலவுக்கான தொகை. டியூப் நீங்களே வாங்கித் தந்திருந்தால் அது இன்னும் குறையும். அடுத்து, ஃபிரேம் முழுவதும் டேக் வைத்து ஜிக்கிலேயே நிற்கும்போது நீங்கள் போய் அளந்து பாருங்கள். சக்கரத்தையும் எஞ்சின் உறையையும் வைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் அங்கேயே கூலியில் பாதி. மீதி, முழு வெல்டிங் முடிந்து, ஜிக்கிலிருந்து கழற்றி, வெறும் இரும்பாக உங்கள் முன்னால் நிற்கும்போது. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால். இந்தக் கடைசி வரியை மட்டுமாவது மறந்துவிடாதீர்கள். பெயிண்ட் அடித்த ஃபிரேமில் உங்களால் பார்க்க முடிந்தது பெயிண்ட் மட்டும்தான்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தப் பத்திரம் எல்லாம் வேண்டாம், பாதிப் பக்கம் போதும். எந்த டியூப், எத்தனை மி.மீ. சுவர், எந்த முறை வெல்டிங், எத்தனை இணைப்பு, ஹெட் ஸ்டாக் (முன் ஃபோர்க் உட்காரும் கழுத்துக் குழாய்) கோணம், அளவு தவறினால் திருத்துவது யார் செலவு, முடிக்கும் தேதி. இருவரும் கையெழுத்து. ‘நம்பிக்கை இல்லையா?’ என்று கேட்பார்கள். நம்பிக்கை இருக்கிறது, ஞாபகத்தின் மேல்தான் இல்லை என்று சொல்லுங்கள்.

கே: மணிக்கணக்கில் கூலி பேசுவதா, மொத்தமாகப் பேசுவதா?

ப: வரைபடம் இருக்கிறது, ஜிக் இருக்கிறது, டியூப் தயார் என்றால் மொத்தமாகப் பேசுங்கள். ‘வண்டியைக் கொண்டுவா, பார்த்துக்கலாம்’ வகை என்றால் மணிக்கணக்குதான் இருவருக்கும் நியாயம். பழைய ஃபிரேமை வெட்டி மாற்றுவது எப்போதும் இரண்டாம் வகை. பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே பட்டி பூசிய விரிசல் இருக்கும், டியூபுக்குள் துரு தின்றிருக்கும். அதை முன்கூட்டியே யாராலும் விலை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மேல்வரம்பு வையுங்கள். ‘இத்தனை மணி நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்யுங்கள்.’ இது ஒரு வாக்கியம்தான், ஆனால் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

கே: ஆங்கிள் கிரைண்டரில் நானே டியூப் வாயை வெட்டிக் கொண்டுபோனேன். இடைவெளி அதிகம் என்று வெல்டர் பேசியதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார். ராடு போட்டு நிரப்ப வேண்டியதுதானே, அதற்குத்தானே அவர்?

ப: இல்லை. 2 மி.மீ. சுவருள்ள டியூபில் 2 மி.மீ. இடைவெளியை நிரப்புவது என்றால், விளிம்பு உருகி உள்ளே ஓடாமல் பார்த்துக்கொண்டே ராடை ஊட்ட வேண்டும். சூடு இரட்டிப்பாகும், இழுப்பும் இரட்டிப்பாகும். அவர் கூடுதலாகக் கேட்டது நியாயம். கேட்காமல் சிரித்துக்கொண்டே நிரப்பிக் கொடுத்திருந்தால்தான் நீங்கள் பயப்பட வேண்டும். அந்த டியூபை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாமல், புதுத் துண்டு வெட்டுங்கள். கணினியில் டியூப் விட்டத்தையும் கோணத்தையும் கொடுத்தால் வெட்டு வடிவத்தைக் காகிதத்தில் அச்சடித்துத் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. காகிதத்தை டியூபில் சுற்றி, கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே வெட்டி, அரைவட்ட அரத்தால் கோடு வரை ராவுங்கள். ஒரு டியூப் மலிவு, ஒரு வெல்டரின் அரை நாள் மலிவில்லை.

கே: என் ஃபிரேம் 4130 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு). ‘இது ஸ்பெஷல் இரும்பு, சூடேற்றித்தான் பத்தவைக்கணும், இரட்டைக் கூலி’ என்கிறார். உண்மையா?

ப: கால்வாசி உண்மை. பைக் ஃபிரேமில் வரும் மெல்லிய சுவர் டியூபுக்கு, அதாவது 3 மி.மீ. வரைக்கும், முன்சூடு பொதுவாகத் தேவையில்லை. டியூப் குளிர்ந்து ஈரமாக இல்லாமல் அறை வெப்பத்தில் இருந்தால் போதும். ஃபில்லர் ராடு ஈஆர் 70 எஸ்-2 அல்லது ஈஆர் 80 எஸ்-டி2 என்று கேளுங்கள். அவர் அந்தப் பெயரைக் கேட்டு விழித்தால், கூலி என்ன என்பது அப்புறம், வேறு ஆளைப் பாருங்கள். வெல்டிங் முடிந்ததும் தண்ணீர் ஊற்றியோ ஈரத்துணி போட்டோ ஆற்றக் கூடாது. அந்த இரும்பு கண்ணாடி போல் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். தானாக ஆற வேண்டும். காற்று வீசும் வாசலிலும் வைத்துச் செய்யக் கூடாது. இந்தக் கவனத்துக்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். இரட்டிப்பு எதற்கு?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 4130 எதற்கு வாங்கினீர்கள்? சாதா இரும்பு டியூபும் குரோமோலியும் விறைப்பில் கிட்டத்தட்ட ஒன்றுதான். எஃகு வகைகளுக்கெல்லாம் மீள்குணகம், அதாவது விறைப்பின் அளவு, ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கல். குரோமோலி முறியாமல் தாங்கும் பலத்தில்தான் உயர்வு. அந்தப் பலத்தை நம்பிச் சுவரை மெல்லிசாக்கி எடையைக் குறைத்தால் காசுக்குப் பலன் உண்டு. சாதா டியூபின் அதே தடிமனில் குரோமோலி போட்டால், எடையும் அதே, விறைப்பும் அதே, பில் மட்டும் பெரிது.

கே: ஃபிரேம் வந்துவிட்டது. மாட்டிப் பார்த்தால் முன்சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. வெல்டர் ‘என் வெல்டிங்கில் ஒரு துளை காட்டு பார்க்கலாம்’ என்கிறார். மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா?

ப: வெல்டிங் நன்றாக இருப்பதும் ஃபிரேம் நேராக இருப்பதும் வேறு வேறு. முதலில் உண்மையிலேயே கோணலா, அல்லது ஃபோர்க்கும் ரிம்மும் ஏமாற்றுகின்றனவா என்று உறுதி செய்யுங்கள். சக்கரம், ஃபோர்க் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஹெட் ஸ்டாக் பேரிங் கிண்ணங்களின் நடுவில் ஆடாமல் உட்காரும்படி ஒரு நேர்க்கம்பி, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஃபிரேமில் மாட்டும் பிவட் துளைகளில் இன்னொரு நேர்க்கம்பி. பிவட் கம்பியில் ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஒரே தூரத்தில் ஒவ்வொரு குறி போடுங்கள். இரண்டு குறிகளிலிருந்தும் ஹெட் ஸ்டாக் கம்பியின் மேல் நுனிக்கு அளக்க வேண்டும், பிறகு கீழ் நுனிக்கு. இடதும் வலதும் மேலேயும் சமம், கீழேயும் சமம் என்றால் கழுத்து நேராக இருக்கிறது, குறையை ஃபோர்க்கில் தேடுங்கள். மேலே சமமாகி, கீழே சமமாகவில்லை என்றால் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. இதற்கு மெல்லிய இரும்பு அளவு நாடா போதும், ஆனால் இன்னொருவர் நாடாவின் நுனியைப் பிடிக்க வேண்டும். கை ஆடினால் ஒரு மி.மீ. தவறும்.

ஒரு மி.மீ. பெரிதா என்று கேட்பீர்கள். கழுத்தில் சின்னப் பிசகு, தரையில் பெரிதாகும். கழுத்து ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டில் சாய்ந்தால், 800 மி.மீ. கீழே, தரையில் டயர் படுகிற இடம் ஏறத்தாழ 14 மி.மீ. விலகும். கையை விட்டால் வண்டி ஒரு பக்கம் போகும்.

பணம் யார் பக்கம்? அவருடைய ஜிக்கில், அவர் டேக் வைத்து, அவர் முடித்ததென்றால் அவர்தான் பொறுப்பு. நேராக்கித் தரும்வரை மீதியை நிறுத்திவையுங்கள், வேறு எதையும் பேசாதீர்கள். நீங்கள் வீட்டில் டேக் வைத்துக் கொண்டுபோய், ‘ஜிக் எல்லாம் வேண்டாம், ஓட்டிக் கொடுங்கள், அவசரம்’ என்று சொல்லியிருந்தால் அந்த வளைவு உங்களுடையது. அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, நேராக்குவதற்கு வேறு கூலி பேசுங்கள். உங்கள் கடிதத்தில் இந்த விஷயத்தை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

கே: வெல்டிங் எல்லாவற்றையும் கிரைண்டர் போட்டு வழுவழுப்பாக்கிக் கொடுத்திருக்கிறார். பார்க்க அழகாக இருக்கிறது. அதற்கும் தனிக் கூலி போட்டிருக்கிறார்.

ப: நீங்கள் கேட்டுச் செய்தாரா, அவராகச் செய்தாரா? கேட்டிருந்தால் கூலியைக் கொடுங்கள், தவறு உங்களுடையது. டியூபும் டியூபும் சேரும் மூலையில் வெல்டிங்கின் உடம்புதான் பலம். அதைத் தேய்த்தால் பலத்தைத் தேய்க்கிறீர்கள். கிரைண்டர் கூடவே டியூபின் சுவரையும் கொஞ்சம் தின்றிருக்கும், விரலை வைத்துத் தடவினால் பள்ளம் தெரியும்.

கேட்காமல் அவரே தேய்த்திருந்தால், எதையோ மறைக்கிறார் என்று நான் நினைப்பேன். டை பெனிட்ரண்ட் சோதனை செய்யச் சொல்லுங்கள். சிவப்புச் சாயத்தை அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும். ஒரு எச்சரிக்கை: தேய்த்த இரும்பு விரிசலின் வாயை மேலே இழுத்து மூடியிருக்கலாம், அப்போது சாயம் உள்ளே இறங்காது. அதனால் கோடு வரவில்லை என்பதற்காகவே நிம்மதியாகிவிட வேண்டாம். தேய்த்த கூலியைக் கொடுக்க மறுத்துவிடுங்கள்.

கே: ஒரு பெரியவர் ‘வெல்டிங்கே வேண்டாம், பித்தளை ஒட்டு போட்டுத் தருகிறேன்’ என்கிறார். டிக் வெல்டிங்கை விடக் கூலியும் அதிகம். ஏமாற்று வேலையா?

ப: கை கொடுத்தவரைப் போய் ஏமாற்றுக்காரர் என்கிறீர்களே! 1950-இல் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பந்தய வண்டிக்கு வந்த ஃபெதர்பெட் ஃபிரேம், ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் வடிவமைத்தது, இந்த ஒட்டில்தான் நின்றது. பித்தளை ராடு சுமார் 900 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், இரும்பு உருக 1500 டிகிரி பக்கம் வேண்டும். அதனால் டியூப் உருகாது, மெல்லிய டியூபுக்கு அது நல்லது. நேரம் அதிகம் பிடிக்கும், டியூப் வாயும் கச்சிதமாக உட்கார வேண்டும், கூலி அதற்குத்தான்.

ஆனால் முடிவெடுத்தால் எடுத்ததுதான். ஒருமுறை பித்தளை ஏறிய இடத்தில் பின்னால் டிக் வெல்டிங்கோ ஆர்க் வெல்டிங்கோ வைத்தால் பித்தளையிலுள்ள செம்பு இரும்புக்குள் ஊடுருவி விரிசல் விடும். நாளைக்கு எந்த வெல்டரிடம் போனாலும் ‘இங்கே பித்தளை இருக்கிறது’ என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

கே: அலுமினிய ஃபிரேமில் விரிசல். ஒருவர் மட்டும் மிகக் குறைந்த தொகை சொல்கிறார். மற்ற இருவர் தொடவே மறுத்துவிட்டார்கள்.

ப: அந்த இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். 6061-டி6 போன்ற, வெப்பப்பதம் கொடுத்த அலுமினியத்தில் வெல்டிங்கை ஒட்டிய பகுதியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மறுபடி முழு ஃபிரேமுக்கும் வெப்பப்பதம் கொடுத்தால்தான் திரும்பும். மலிவாகச் செய்கிறவரிடம் அந்த உலை இருக்கிறதா என்று கேட்டீர்களா?

கே: நண்பன் வெல்டர். இலவசமாகவே செய்கிறேன் என்கிறான்.

ப: கேட் செய்கிற வெல்டரா, டியூப் செய்கிற வெல்டரா? உங்கள் ஃபிரேமின் அதே டியூபில் ஒரு இணைப்பு போடச் சொல்லுங்கள். ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, வெல்டிங் டியூபின் சுவருக்குள் இறங்கியிருக்கிறதா, மேலே சும்மா படுத்திருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். இறங்கியிருந்தால் ஆர்கானுக்கும் டங்ஸ்டனுக்கும் உள்ள செலவையாவது கட்டாயமாகக் கொடுங்கள். இலவச வேலையைத் திருத்தச் சொல்ல வாய் வராது.

கே: ஓடிக்கொண்டிருந்த பைக்கில் ஒரு பிராக்கெட் மட்டும் பத்தவைத்தேன். வீட்டுக்கு வந்தால் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) செத்துவிட்டது. யார் கொடுப்பது?

ப: பேட்டரி இரண்டு முனையையும் கழற்றி, ஈசியூ பிளக்கை உருவி, மின்னோட்டம் திரும்பிப் போகும் எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே வைப்பது வெல்டரின் தொழில். எங்கோ ஸ்விங் ஆர்மில் கிளாம்பை மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் போய் அதையும் பொசுக்கும். அவர் இதில் எதையும் செய்யவில்லை என்றால் அவர் கொடுக்க வேண்டும். கேட்டுப்பாருங்கள். முழுசாக வராது, பாதியாவது வரும்.

கே: ஐயா, நான் வெல்டர். எல்லாரும் எங்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஒருவர் ஃபிரேம் கொடுத்தார். டேக் வைத்த பிறகு சீட்டை இறக்கச் சொன்னார், அப்புறம் பின்பக்கத்தை நீட்டச் சொன்னார், அப்புறம் மறுபடி பழையபடி. இப்போது முதலில் பேசிய தொகைதான் தருவேன் என்கிறார்.

ப: உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மாற்றம் சொன்ன அன்றைக்கே, மாற்றத்துக்கான தொகையைச் சொல்லி, அவர் ‘சரி’ என்று செய்தி அனுப்பிய பிறகுதான் கிரைண்டரை எடுத்திருக்க வேண்டும். நடந்ததற்கு, வெட்டி எடுத்த துண்டுகளை எறியாமல் வைத்திருந்தால் அவற்றை அவர் முன்னால் வரிசையாக வையுங்கள். இரண்டு முறை வெட்டிய டியூப் பேசும். பாதியில் சந்தித்துக்கொள்ளப் பாருங்கள்.

பணம் வரும்வரை ஃபிரேமை வைத்துக்கொள்வது வழக்கம்தான், ஆனால் அவருடைய எஞ்சினையோ சக்கரத்தையோ பிடித்துவைக்காதீர்கள், அது வேறு வழக்காகும். இனிமேல் டேக் நிலையில் வண்டிக்காரரைப் பட்டறைக்கு வரவழையுங்கள். சீட்டில் உட்காரச் சொல்லுங்கள், கால் எட்டுகிறதா பார்க்கச் சொல்லுங்கள், அளவுகளை எழுதிய தாளில் கையெழுத்து வாங்கி, பாதிக் கூலியையும் அங்கேயே வாங்குங்கள். அதற்கப்புறம் அவர் சீட்டை இறக்கச் சொன்னால் அது புது வேலை, புதுக் கூலி.